முதல் கொட்டு

— கயிறை இழுக்காதீங்க உசனார் காக்கா! கக்கம்தான் கிழியுது, கால் அசையுதில்ல.

— இன்னொருக்காப் பாப்பம் கோணாமலை. பல்லைக் கடிச்சுக்க. தென்னையில ஒரு சுத்துப் போட்டு இழுக்கிறன்.

— தென்னையில போட்டாலும் ஒண்டுதான், தேரில கட்டினாலும் ஒண்டுதான். கிணத்துக்கு இறக்கின கொங்கிறீட் வளையத்தில ரெண்டாம் கொட்டு சரிஞ்சு என்ட முழங்கால்ல ஏறிக் குந்தியிரிக்கு. நீங்க இழுக்க இழுக்க அது இன்னும் அமத்துது. விடுங்க. ரெண்டு பேரும் கொஞ்சம் மூச்சு விடுவம்.

— விட்டுட்டன். அல்லாஹ்ட காவல். மணல் எது மட்டும் நிக்குது?

— இடுப்பு மட்டும். அதுக்கு மேல தண்ணி. இப்பதான் தொப்புளை நனைச்சது.

— அப்ப வாளியை இறக்கிறன். நீ மொண்டு குடு, நான் இறைச்சு ஊத்துறன்.

— இறைச்சுத்தானே பாத்தம், மேசனார். தண்ணியை எடுத்த உடனே வெடிப்பால மணல் குபுகுபுவெண்டு உள்ளுக்கு வந்தது. தொடையில நிண்ட மணல் இடுப்புக்கு ஏறினது அதாலதான். இறைச்சா மணல் மூடும், இறைக்காட்டித் தண்ணி மூடும். எது வேணுமெண்டு நீங்களே சொல்லுங்க, அண்ணன் மாதிரி நீங்க, உங்கட சொல்லைத் தட்டமாட்டன்.

— பகிடி விடுற நேரமாடா இது?

— மறுகா எப்ப விடுற?

— நான் இறங்குறன். கடப்பாரையால அந்தக் கொட்டைக் கிளப்பிப் பாப்பம்.

— இறங்காதீங்க! இலட்சுமிட தாலி மேல ஆணை, காலை வைக்காதீங்க. மேல நிக்கிற மூண்டு கொட்டும் எதில நிக்குதெண்டு எனக்கே தெரியாது. உங்கட பாரம் பட்டா எல்லாம் என்ட தலையில இறங்கும். நீங்களும் என்னோட கிடப்பீங்க. ஒரு கிணத்துக்கு ஒருத்தன் காணும்.

— அப்ப நான் என்னதான்டா செய்ய? கரையில நிண்டு பாத்துக்கொண்டு இரிக்கவா?

— கதைச்சுக்கொண்டிருங்க. சத்தம் கேட்டா மனசுக்குக் கொஞ்சம் திடம். இலட்சுமி எங்க போயிருப்பாள் இப்ப?

— தோணி எடுத்துக் கொஞ்ச நேரம்தானே. வாவியில பாதி போயிருப்பா.

— காத்து?

— காத்து... நல்ல காத்துதான்.

— பொய். தென்னோலை அடிக்கிற சத்தம் இஞ்ச வரைக்கும் கேக்குது. எதிர்க்காத்து. மறுகா அக்கரைக்குப் போய், வயல் வட்டைக்குள்ள வரம்பு வரம்பா நடந்து ஆக்களைத் தேடிப் பிடிச்சு, திரும்பித் தோணியில வரணும். இந்தச் செட்டிபாளையத்தில ஒரு ஆம்பிளை இல்லாத நாளாப் பாத்து உடைஞ்சிரிக்கு பாருங்க. வெள்ளாமை வெட்டெண்டா வாவிக்கு அங்கால படுவான்கரைக்குப் போகாதவன் ஆர்?

— நாமதான் போகல்ல.

— ஓம். நாமதான் கெட்டிக்காரர்.

— வருவாங்க. கப்பி, வடம், பலகை எல்லாம் எடுத்து வரச் சொல்லித்தான் இலட்சுமித் தங்கச்சியை அனுப்பினன். அவ ஓடின ஓட்டத்தைப் பாத்தனே, கொண்டையும் அவிழ்ந்து... அவ கூட்டி வந்திருவா.

— காக்கா, ஒண்டு கேக்கட்டா? கோவிக்காதீங்க.

— கேளு.

— எப்பிடி உடைஞ்சது? வேலை தொடங்கக்குள்ள நீங்க சொன்னது எனக்கு ஞாபகம் இரிக்கு. கொங்கிறீட் எண்டா உன்ட பேரப்பிள்ளைட பேரப்பிள்ளையும் இதில தண்ணி அள்ளும் எண்டீங்க. நானும் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தன்.

— அதைத்தான்டா நானும் அப்போதை பிடிச்சு யோசிக்கிறன். என்னத்தில பிழை விட்டன்? சீமெந்தா? பீப்பாவை உடைக்கக்குள்ள கோதுமை மா மாதிரி இருந்திச்சு. ஒரு கட்டி இல்ல, ஈரம் இல்ல. நீயும் கையை விட்டுப் பாத்தாய்.

— பாத்தன். கை சாம்பல் பூசின மாதிரி வந்திச்சு.

— மணலா? இந்த ஊரில மணலுக்குப் பஞ்சமா? இஞ்சால கடல், அங்கால வாவி, நடுவில முழுக்க மணல்தான். காலுக்குக் கீழ கிடக்கிற மணலை விட்டுட்டு நான் செங்கலடிப் பக்கம் வண்டில் விட்டு ஆத்து மணல் ஏத்தினன். ஏன்? உப்பு, விளங்குதா? உப்பு மணல் கம்பியைத் தின்னும். கம்பி ஊதினா கொங்கிறீட் வெடிக்கும். இந்த ஊர் ஆக்கள் என்னைப் பாத்துச் சிரிச்சாங்க, காத்தான்குடி மேசனுக்கு மணல் எதெண்டு தெரியல்லையாம், வண்டில் பிடிச்சு மணல் கொண்டாறான் எண்டு.

— நானும் சிரிச்சன். இப்ப சொன்னாத்தான் என்ன.

— தண்ணியா? அதையும் எங்கட பள்ளிக் கிணத்தில இருந்து பீப்பாவில கொண்டு வந்தன். கல்லு கருங்கல்லு, உடைச்சு, கழுவி, தூசி இல்லாமப் போட்டன். அளவு ஒண்டு, ரெண்டு, நாலு. ஒரு பெட்டி சீமெந்துக்கு ரெண்டு பெட்டி மணல், நாலு பெட்டி கல்லு. தலை தட்டி அளந்தன். குழைக்கக்குள்ள நீ என்ன சொன்னாய்?

— தண்ணியை ஊத்துங்க காக்கா, மண்வெட்டி ஓடுதில்ல, முதுகு முறியுது எண்டன்.

— நான் ஊத்தினனா?

— ஊத்தல்ல. கருமியெண்டு பேசினன் உங்களை.

— புட்டுக்கு மா குழைக்கிறதை விடக் கொஞ்சம் இளக்கமா இருந்தாக் காணும். தண்ணி கூடினா குழைக்கிறவனுக்குத்தான் சுகம். பொறகு அந்தத் தண்ணி போன இடமெல்லாம் பொந்து. கண்ணுக்குத் தெரியாத பொந்து. தேன்வதை மாதிரி ஆகிரும் உள்ளுக்கு. அதால ஊத்தல்ல. கம்பால குத்திக் குத்திக் காத்தை எல்லாம் வெளிய எடுத்தன். அச்சில இருந்து கழட்டினாப் பொறகு ஈரச் சாக்குப் போட்டு மூடி, காலையும் மாலையும் தண்ணி ஊத்தினன். ஆக்கள் நினைக்கிறானுகள் வெயில்ல காஞ்சாத்தான் இறுகுமெண்டு. கொங்கிறீட் காஞ்சு இறுகிறல்லடா, தண்ணி குடிச்சுத்தான் இறுகும். பெத்த பிள்ளைக்கும் இப்பிடிப் பாக்கல்ல நான். மறுகா ஏன் உடைஞ்சது?

— தண்ணி நெஞ்சுக்குழிக்கு வந்திட்டு காக்கா.

— நீ அசையாத. அசைஞ்சா மணல் இளகும். உடைஞ்சது எந்தக் கொட்டு? சரியாச் சொல்லு.

— அடிக் கொட்டுத்தான். முதல் கொட்டு. மத்தது எல்லாம் முழுசா இரிக்கு, அது உடைஞ்சதாலதான் சரிஞ்சது. நான் கொட்டுக்குக் கீழ கரை வழிய மண்ணை எடுத்துக்கொண்டு வந்தன், கொட்டு ஒரு சாண் இறங்கினது, நல்லா இறங்குதெண்டு நினைச்சன். மறுகா கறகறவெண்டு சத்தம். மழைக்குள்ள மண்சுவர் விழுகிற மாதிரி.

— கல்லு உடையிற சத்தம் இல்லையா? படாரெண்டு?

— இல்ல. இது கரைஞ்சு விழுந்த சத்தம்.

— உன்ட கைக்கு எட்டுதா அந்த உடைஞ்ச துண்டு? நகத்தால சுரண்டிப் பாரு.

— பொறுங்க... மேல ஒரு தோல் மாதிரிக் கெட்டியா இரிக்கு. அதுக்கு உள்ளுக்கு... காக்கா, இது உதிருது. பழைய பாண் ரொட்டியைப் பிச்ச மாதிரி வருது.

— கல்லு? கல்லைப் பிடுங்கினா சீமெந்து ஒட்டிக்கொண்டு வருதா, வெறுங்கல்லா வருதா?

— வெறுங்கல்லு. கழுவி எடுத்து வைச்ச மாதிரி வருது.

— யா அல்லாஹ். அது இறுகவே இல்ல.

— இறுகாம எப்பிடி? மத்த மூண்டும் இறுகியிருக்கே. அதே பீப்பா, அதே மணல்.

— அந்தக் கொட்டுதான்... அந்தக் கொட்டுதான்டா அச்சுக் கழட்டப் பிந்தினது. மத்தது எல்லாம் மறுநாள் தட்டினா டங்கெண்டு சொல்லும். அது நாள்கணக்கில நகம் இறங்கிக்கொண்டு கிடந்திச்சு. நான் மப்பு மூட்டம், ஈரக்காத்து, அதால சுணங்குதெண்டு நினைச்சன். பொறகு ஒரு மாதிரி மேல காஞ்சது. நான் சீமெந்துப் பால் கரைச்சு மேல ஒரு பூச்சுப் பூசினன். வடிவா வந்திச்சு. வடிவா இரிக்கு எண்டு விட்டுட்டன்.

— அந்தத் தோல் அதுதானா?

— அதுதான்.

— ம்.

— கோணாமலை... கோணாமலை! சத்தம் போடுடா!

— இரிக்கன். யோசிக்கிறன். காக்கா, பனங்கட்டி போட்டா என்ன ஆகும்?

— எதுக்குப் போட்டா?

— சீமெந்துக்கு.

— ஆர் போட்ட?

— முதல்ல என்ன ஆகுமெண்டு சொல்லுங்க.

— சுண்ணாம்புச் சாந்துக்கெண்டா போடுறதுதான். என்ட வாப்பாவும் போடுவார். கடுக்காயும் பனங்கட்டியும் ஊற வைச்ச தண்ணி விட்டுக் குழைச்ச சாந்து ஆணி இறங்காது. சுண்ணாம்புக்கு அது பலம். சீமெந்துக்கு நஞ்சு. நான் ஒரு கொந்தராத்து வேலையில நிக்கக்குள்ள, சீனி ஏத்தின சாக்கில ஆரோ மணல் அள்ளிப் போட்டுட்டானுகள். அந்த அடித்தளம் கிழமைக்கணக்காக் களி மாதிரிக் கிடந்திச்சு. கடைசியில மண்வெட்டியால அள்ளிக் கொட்டினம். ஒரு பிடி இனிப்புக் காணும், சீமெந்து இறுகிறதை மறந்திரும். ஏன் கேக்கிற? ஆர் போட்ட? டேய், ஆர் போட்ட?

— இலட்சுமி.

— என்னது?

— அவள்ட அப்பன் கோயில் சுவருக்கெல்லாம் சுண்ணாம்பு வேலை செஞ்சவர். சின்ன வயசில அவள்தான் அவருக்குப் பனங்கட்டி கரைச்சுக் குடுக்கிற. முதல் கொட்டு வெள்ளிக்கிழமைதானே ஊத்தினம்? நீங்க ஜும்மாவுக்குப் போயிட்டீங்க. அச்சுப் பூட்டி, கல்லும் மணலும் அளந்து குவிச்சு, தண்ணி பீப்பாவில கிடந்திச்சு. அவள் நாலைஞ்சு ஓலைக் குட்டான் பனங்கட்டியைக் கரைச்சுக் கொண்டு வந்தாள். பீப்பாவில ஊத்திப்போட்டுக் கும்பிட்டாள். என்ட புருசன் இதுக்குள்ளதான் இறங்கப் போறார், தாயே, இது இரும்பா நிக்கணும் எண்டு.

— நீ பாத்துக்கொண்டா நிண்ட?

— பக்கத்தில நிண்டன். எனக்குச் சந்தோசமா இருந்திச்சு காக்கா. ஒருத்தி எனக்காகப் பனங்கட்டி கரைக்கிறாள், கும்பிடுறாள், எந்தப் புருசனுக்குத்தான் சந்தோசமா இரிக்காது. காக்காவுக்குச் சொல்லாதீங்க, சிரிப்பார் எண்டாள். நான் சொல்லல்ல.

— ஏன்டா சொல்லல்ல! ஒரு வார்த்தை! ஒரு வார்த்தை சொல்லியிருந்தா தண்ணியைக் கவுட்டு ஊத்தியிருப்பனே. அந்தக் கொட்டை உடைச்சு எறிஞ்சிருப்பனே!

— சுண்ணாம்புக்கு நல்லது சீமெந்துக்கும் நல்லதெண்டுதான் நினைச்சம். ரெண்டும் வெள்ளைப் பொடிதானே எங்களுக்கு.

— கோணாமலை, அழுகிறியாடா?

— இல்ல. நீங்கதான் அழுகிறீங்க. மேல இருந்து சொட்டுது. கேளுங்க காக்கா, நேரம் இல்ல, தண்ணி நெஞ்சில நிக்குது. அவள் வந்து கேப்பாள், எப்பிடி உடைஞ்சதெண்டு. வந்த உடனே அதைத்தான் கேப்பாள்.

— நீயே சொல்லு. அவ வரக்குள்ள நீ உசிரோட இரிப்பாய்.

— என்னை ஆறுதல் படுத்தினது காணும். அவளுக்குப் பனங்கட்டியாலதான் எண்டு சொல்லாதீங்க.

— மறுகா என்ன சொல்ல?

— நீங்க கடல் மணல் போட்டதெண்டு சொல்லுங்க.

— என்ன?

— செங்கலடிக்கு விட்ட வண்டில் வரப் பிந்தினது, கரையில கிடந்த மணலை அள்ளிப் போட்டன், உப்பு கம்பியைத் திண்டிட்டு எண்டு சொல்லுங்க.

— உனக்குப் புத்தி பேதலிச்சிட்டா? நான் இந்தக் கரை முழுக்கக் கொட்டு ஊத்தினவன். ஒரு கொட்டில ஒரு கீறல் இல்ல. கடல் மணல் போட்டு ஆளைச் சாகடிச்சவன் எண்டு என்ட வாயாலயே சொல்லச் சொல்றியா? நாளைக்கு ஆர் என்னைக் கூப்பிடுவான்? என்ட ரெண்டு மகனும் இதே தொழில்தான். அவனுகளை ஆர் கூப்பிடுவான்? உன்ட ஊரானுகள் என்ன சொல்லுவானுகள்? காத்தான்குடியான் காசு மிச்சம் பிடிக்கக் களவு வேலை செஞ்சு எங்கட ஆளைக் கொண்டுட்டான் எண்டுவானுகள். இந்தப் பக்கம் தலை காட்ட ஏலுமா எனக்கு?

— ஏலாதுதான்.

— ஏலாதெண்டு தெரிஞ்சும் கேக்கிற.

— ஆரிட்டக் கேக்க மறுகா? காக்கா, என்ட மூத்த பிள்ளை வயித்தோட்டத்தில செத்துப் போனது தெரியும்தானே. பள்ளக் கிணத்துத் தண்ணி. அந்தத் தண்ணியை வாயில ஊத்தினது நான்தானே, நான்தானே எண்டு அவள் ஒரு வருசம் புலம்பினாள். ஒரு நாள் விடியக்குள்ள பாயில ஆளைக் காணல்ல. வாவிக்குள்ள கழுத்து மட்டும் இறங்கி நிண்டவளை நான்தான் தலைமயிரில பிடிச்சு இழுத்துக்கொண்டு வந்தன். ஆருக்கும் சொல்லல்ல. அதுக்குப் பொறகுதான் இந்தக் கிணறு. உப்புச் சவர் இல்லாத தண்ணி காட்டுறன், இருக்கிற பிள்ளைக்கு நீ நல்ல தண்ணி குடுப்பாய் எண்டு சொல்லித்தான் அவளை மனிசியாக்கினன். இப்ப அவளிட்டப் போய், உன்ட பனங்கட்டிதான் உன்ட புருசனைத் திண்டது எண்டு சொன்னா என்ன ஆகும்? அண்டைக்கு இழுக்க நான் இருந்தன். இனி ஆர் இழுக்கிற? அன்னப்பூரணிக்கு வயசு நாலு.

— அல்லாஹ்வே, அல்லாஹ்வே.

— நீங்களும் சுணங்கினதைப் பாத்தீங்க. பாத்தும் பூசி விட்டீங்க. நான் குத்தமாச் சொல்லல்ல. ஆனா பாதி உங்களிட்டயும் இரிக்குதானே. மிச்சப் பாதியையும் சேத்து எடுத்துக்கொள்ளுங்க. நான் கேட்டு நீங்க இல்லையெண்டு சொன்னது ஒண்டும் இல்ல.

— அடியில தோண்டினாத் தெரிஞ்சு போகும், முதல் கொட்டு எப்பிடி இரிக்கெண்டு.

— ஆர் தோண்டுவான் செத்த கிணத்தை? என்னை எடுத்துப்போட்டு மண்ணை நிரப்பி விடுங்க. ரெண்டாம் கொட்டு உடைஞ்சதெண்டு சொல்லுங்க. முதல் கொட்டு நல்லா இரிக்கு, அது உன்ட கொட்டு, அது நிக்குது எண்டு சொல்லுங்க. அந்த ஒரு சொல்லை அவள் பிடிச்சுக்கொண்டு இருப்பாள். சத்தியம் பண்ணுங்க.

— சத்தியம் பண்ணமாட்டன். பொய்க்கு அல்லாஹ்வைச் சாட்சிக்கு இழுக்க ஏலாது. சொல்லுறன். அவ்வளவுதான். சொல்லுறன்டா.

— காணும். தண்ணி தோளுக்கு வந்திட்டு.

— இன்னும் எவ்வளவு ஏறுமெண்டு எனக்குத் தெரியும். சுத்தி இரிக்கிற கிணறு எல்லாத்திலயும் தண்ணி நிக்கிற மட்டம் ஒண்டுதான். உன்ட தலைக்கு மேல ஒரு முழம் போய் நிண்டிரும். ஒரு முழம்தான்! பொறு, வேலியில பப்பாசி மரம் நிக்குது. இலைத்தண்டு வெட்டிக் கொண்டு வாறன். அது குழல்தானே. வாயில வைச்சு மூச்சு எடு. ஆக்கள் வரும் மட்டும் தாங்குவாய்.

— கெதியா.

— வந்துட்டன்! வந்துட்டன். இந்தா, கயிறில கட்டி இறக்கிறன். ரெண்டு பக்கமும் சீவியிரிக்கு. பிடிச்சியா?

— பிடிச்சன். கசக்குது.

— கசந்தா என்ன, ஊது. ஓட்டை அடைபடல்லையே?

— இல்ல. காத்து வருது. காக்கா, தண்ணியை வாயில விட்டுப் பாத்தன். சவரே இல்ல. இந்தக் கரையில இப்பிடித் தண்ணி நான் குடிச்சதில்ல. பாருங்க என்ட கைராசியை.

— நீ கதைக்காத. இனிக் கயிறால பேசு. நான் கேட்டா ஒருக்கா இழு. இரிக்கன் எண்டு அர்த்தம். விளங்குதா?

— விளங்குது. காக்கா... அவளுக்கு நல்ல மாதிரிச் சொல்லுங்க. வெருட்டாமச் சொல்லுங்க.

— சொல்லுறன். தண்டை வாயில வை. மூக்கைப் பொத்திக்க. பயப்படாத.

— ...

— மூடிட்டு. தண்ணி மூடிட்டு. தண்டு தெரியுது எனக்கு. நுனி தெரியுது. கோணாமலை, இழு... ஆ! இழுத்திட்டாய். அப்பிடித்தான். ஆறுதலா மூச்சு எடு. அவசரம் இல்ல. நான் இஞ்சதான் இரிக்கன், படுத்துக்கொண்டு உன்ட தண்டைத்தான் பாக்கிறன். இழு... ஓம். சரி.

— ...

— என்ன கதைக்க உனக்கு? நான் முதல் முதல் கொட்டு ஊத்தின கதை சொல்லட்டா? அச்சுக்கு எண்ணெய் பூச மறந்துட்டன். கொட்டும் பலகையும் ஒண்டாப் போயிட்டு. கழட்ட ஏலாம அந்த வீட்டுக்காரன் பலகையோடயே கிணத்தில இறக்கினான். இப்பவும் அது அப்பிடியே கிடக்கு. சிரிக்கிறியா? சிரிக்காத, தண்ணி போகும். இழு. இழுடா... ஓம், ஓம்.

— ...

— தோணி! பாய் தெரியுதுடா! வாவியில பாய் தெரியுது. ஆள் நிறைய இரிக்கு. தங்கச்சி முன்னுக்கு நிக்கிறா, சீலை தெரியுது. காத்து இப்ப அவங்களுக்கு நேர்க்காத்து. கொஞ்சம்தான். இன்னும் கொஞ்சம்தான். இழு பாப்பம்.

— ...

— மெதுவா இழுக்கிற. கை குளிருதா? குளிரும். மணலுக்குள்ள மரத்திரும். பரவாயில்ல, மெதுவா இழுத்தாலும் எனக்குத் தெரியும். இழு.

— ...

— கோணாமலை, இழு.

— ...

— தண்டு சரியுது. டேய், தண்டைப் பிடி. தண்டைப் பிடிடா! நேரா வை! கயிறை இழு, மச்சான், ஒருக்கா இழு, லேசா இழு, நான் பிடிச்சுக்கொண்டுதான் இரிக்கன்...

— ...

— இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்.

— காக்கா! உசனார் காக்கா! ஆக்களைக் கூட்டிக்கொண்டு வந்திட்டன்! வடம் இரிக்கு, கப்பி இரிக்கு, எல்லாம் கொண்டு வந்திரிக்கம். எங்க அவர்? ஏன் காக்கா குப்புறப் படுத்துக் கிடக்கிறீங்க? தண்ணி ஏன் இவ்வளவு மேல நிக்குது? நான் போகக்குள்ள அவர்ட இடுப்புக்குக் கீழதானே நிண்டது!

— கிட்ட வராத தங்கச்சி.

— அவர் எங்க?

— தம்பிமார், ஒருத்தரும் இறங்காதீங்க. கொட்டு ஆடுது. முதல் பலகை போட்டு முட்டுக் குடுங்க. பொறகு எடுப்பம். ஆறுதலா எடுப்பம். இனி அவசரம் ஒண்டும் இல்ல.

— அவசரம் இல்லையெண்டா என்ன காக்கா? என்ன சொல்றீங்க? கயிறு உங்கட கையிலதானே கிடக்கு. இழுங்க! இஞ்ச தாங்க, நான் இழுக்கிறன்!

— இழுத்து முடிஞ்சுது தங்கச்சி.

— ஐயோ! ஐயோ என்ட ராசா! நான் ஓடி ஓடித்தானே போனன். காத்து எதிரா அடிச்சது காக்கா, எதிரா அடிச்சது...

— அழு. அழு தங்கச்சி. பிடிச்சுக்கொள்ளுங்க பொம்பிளையை, விழுந்திருவா.

— என்னத்தால காக்கா? இரும்பு மாதிரி நிக்குமெண்டு சொன்னீங்களே. எப்பிடி உடைஞ்சது?

— என்னாலதான்.

— என்ன?

— எல்லாருக்கும் கேக்கட்டும், சொல்லுறன். நான் கடல் மணல் போட்டன். ஆத்து மணல் வண்டில் வரப் பிந்தினது. இந்தக் கரையில கிடந்ததை அள்ளிப் போட்டன். ஆருக்குத் தெரியப் போகுதெண்டு போட்டன். உப்பு கம்பியைத் திண்டிட்டு. தம்பி, அடிக்கிறதெண்டா அடி. நான் கையைத் தூக்கமாட்டன்.

— விடுங்க! அடிக்காதீங்க அவரை! விடுங்க, நான் ஒண்டு கேக்கணும். காக்கா, எந்தக் கொட்டு உடைஞ்சது?

— ரெண்டாம் கொட்டு.

— முதல் கொட்டு?

— முதல் கொட்டு நிக்குது தங்கச்சி. கல்லு மாதிரி நிக்குது. ஒரு கீறல் இல்ல. கடைசி மட்டும் அது அவனைத் தாங்கிக்கொண்டுதான் நிண்டது.

— நிக்கும். எனக்குத் தெரியும் நிக்கும். அதுக்கு நான் பனங்கட்டி கரைச்சு ஊத்தினனான் காக்கா, உங்களுக்குத் தெரியாம ஊத்தினனான். ரெண்டாம் கொட்டுக்கெண்டும் குட்டான் எடுத்து வைச்சனான். பிள்ளை புட்டுக்கு இனிப்புக் கேட்டு அழுதாளெண்டு அதை அவளுக்குக் குடுத்திட்டன், கொட்டுக்கு ஊத்தல்ல, அதாலதான் அது உடைஞ்சது. உங்கட மணல் இல்ல காக்கா. நான்தான் என்ட புருசனைச் சாகடிச்சன்.